பேருந்து ஓடாத நாட்களில் அமலோற்பவம்

செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். மார்ச் மாதச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அலுவலக உதவியாளர் மாடியேறி வந்து, உவரியிலிருந்து போன் என்றார். இறங்கிப் போய் எடுத்தேன். அமலோற்பவத்தின் தம்பி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "அக்கா போயிட்டா சார். சார்ட்ட மொதல்ல சொல்லணும்னு தோணிச்சு" என்றார். அழுகிறாரா, இணைப்பு அறுந்துவிட்டதா என்று தெரியாமல் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றேன். மாடியில் பன்னிரண்டு மாணவர்கள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கருவியைத் தொடக் கற்றுக்கொடுத்தவர் அவர். தேர்வு முடியும்வரை அவர்களிடம் நான் சொல்லவில்லை. மேசை மேசையாகப் போய்க் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டேன். யாருக்கு என்ன போட்டேன் என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அமலோற்பவம் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் எட்டு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். மாணவர்களுக்கு அவர் அமலி மேடம். போகும்போது வயது முப்பத்தொன்பது. அப்பா உவரியில் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். அம்மா மீன்கூடையோடு உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்தவர். அவருடைய தெருவில் எம்.எஸ்சி. படித்த முதல் பெண் இவர்தான் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "அத ஏன் சார் பட்டம் மாதிரிச் சொல்லுதீய? எனக்குப் பின்னால யாரும் வரலங்கதையும் சேத்துல்லா சொல்லுதீய" என்பார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் கருவிகள் குறைவு. இரண்டு பேருக்கு ஒரு மேசை. எல்லா மேசையிலும் ஒருவன் கருவியைப் பார்க்கிறான், மற்றவன் எழுதுகிறான், எழுதுகிறவன் யார் என்று கவனித்திருக்கிறீர்களா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அந்த அறையில் பதினேழு வருடம் நின்றவன் நான். கவனித்ததில்லை. நகரத்தில் ஆங்கிலவழியில் படித்துவிட்டு வந்தவர்கள் கருவியின் முன்னால் உட்கார்ந்தார்கள். காலனிகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் மலை எஸ்டேட்டுகளிலிருந்தும் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் பக்கத்தில் நின்று, அவர்கள் சொன்ன எண்களை எழுதினார்கள். மூன்று வருடம் அப்படி எழுதிவிட்டு, தேர்வில் தனியாக நிற்கும்போது எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் விழித்தார்கள். இவர்களுக்கு இயற்பியல் வராது என்று நாங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம்.

"தொடாதவனுக்கு எப்படி சார் வரும்?" என்றார் அமலோற்பவம்.

அடுத்த வாரமே ஒரு மேசைக்கு ஒருவர் என்று மாற்றினார். நேரம் போதாததால் சனிக்கிழமையும் ஆய்வகத்தைத் திறந்தார். கருவிகள் உடையும் என்று நான் எச்சரித்தேன். ஒரு முப்பட்டகத்தின் முனை உடைந்தது, அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமைகளுக்கு முதலில் நாலு பேர் வந்தார்கள். அடுத்த வருடம் இருபது பேர்.

அப்படி வந்தவர்களில் வேலம்மாள் என்று ஒருத்தி. நாங்குநேரிப் பக்கம் ஒரு சிற்றூரின் காலனி. அப்பாவும் அம்மாவும் வயல்கூலிகள். அந்தக் காலனியிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். முதல் மூன்று மாதம் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனால் ஸ்பெக்ட்ரோமீட்டரின் முன் உட்கார்ந்தால் அவள் வேறு ஆள். வெர்னியர் அளவுகோலின் நுண்ணிய கோடுகளை ஒரே பார்வையில் படித்துவிடுவாள். ஒருமுறை நான் பதினேழு என்று படித்ததை, பதினாறு என்று அமலோற்பவத்தின் காதில் சொல்லியிருக்கிறாள். "என்ட்ட ஏன் சொல்லுத? சார்ட்ட சொல்லு" என்று அவளை என் முன்னால் நிறுத்தினார் அவர். அவள் சொன்னாள். நான் மறுபடி பார்த்தேன். பதினாறுதான். என் கண்ணாடியின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன்.

வேலம்மாள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது ஊர்களுக்கிடையே சாதிச் சண்டை மூண்டது. இந்தத் தொண்ணூறுகளில் நம் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஊரில் ஏதாவது நடக்கும். மறுநாள் அந்தப் பக்கம் பேருந்து நின்றுவிடும். ஒரு வாரம், சில நேரம் மூன்று வாரம். நகரத்தில் எங்கள் வகுப்புகள் வழக்கம்போல நடந்தன. வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே மட்டும் வரவில்லை, வரவில்லை என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தது.

அமலோற்பவம் அந்த ஊர்களுக்குப் போனார். பேருந்து எதுவரை போகிறதோ அதுவரை போய், அங்கிருந்து நடப்பார். ஊருக்குப் பாதை பிரியும் விலக்குகளில் நின்ற காவலர்கள் பையைத் திறந்து பார்த்தால் உள்ளே லாகரிதம் அட்டவணையும் பாடக் குறிப்புகளும் இருக்கும். வேலம்மாளின் ஊரில் பஞ்சாயத்து டி.வி. அறைதான் வகுப்பு. அக்கம்பக்கத்துக் காலனிகளிலிருந்து ஐந்தாறு பேர் நடந்து வந்து சேர்வார்கள். இவ்வளவையும் அவர் எங்களிடம் சொல்லிக்கொண்டதில்லை. எந்த நாளில் யாருக்கு என்ன பாடம் என்று ஒரு நோட்டில் எழுதி மட்டும் வைத்திருந்தார்.

அந்த ஆண்டு துறைத்தலைவர் நீண்ட விடுப்பில் போனதால் அவர் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆண்டு முடிவில் பதினொரு பேருக்கு வருகை போதவில்லை. எல்லோரும் பேருந்து நின்ற ஊர்க்காரர்கள். துறைத்தலைவர் காரணம் காட்டிப் பரிந்துரைத்தால் முதல்வர் அவர்களைத் தேர்வெழுத விடுவார். அமலோற்பவம் என் மேசையருகே வந்து நின்றார்.

"நீங்க ஒரு வரி எழுதினாப் போதும் சார்."

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். உடம்புக்கு முடியாதவர்கள் மருத்துவர் சான்றிதழ் வைக்கிறார்கள், இவர்கள் எதை வைப்பார்கள் என்று கேட்டேன்.

"பஸ் ஓடலங்கதுக்கு எந்த டாக்டர் சார் சர்டிபிகேட் குடுப்பாரு?"

பதில் இல்லாததால் குரலை உயர்த்தினேன். அவர் தன் நோட்டை எடுத்துக் காட்டினார். டி.வி. அறை கல்லூரி ஆகாது என்றேன். அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் குரல் கடைசிவரை உயரவில்லை.

இனி நான் சொல்லப்போவது எங்கள் துறையில் யாருக்கும் தெரியாது. கல்லிடைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகன் அப்போது எங்கள் துறையில்தான் படித்தான். அவனுக்கும் வருகை போதவில்லை. மஞ்சள் காமாலை என்று சான்றிதழ் வைத்திருந்தான். காமாலையும் இல்லை, ஒன்றும் இல்லை. கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பதினொரு பேரை நிறுத்திய அதே நாளில், அதே பேனாவால்.

பதினொரு பேரும் அந்த ஆண்டை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. ஜூனில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஏழு பேர் வரவில்லை. வேலம்மாளும் வரவில்லை.

ஆகஸ்டில் அமலோற்பவம் என்னை அவள் ஊருக்குக் கூப்பிட்டார். நான் வந்தால் அவளுடைய அப்பா யோசிப்பார் என்றார். போனோம். அப்பா வயலுக்குப் போயிருந்தார். வேலம்மாள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு ஒரு நாற்காலி வாங்கிவந்து போட்டாள். அமலோற்பவம் தரையில் அவளருகே உட்கார்ந்து, இந்த வருடமே சேர்ந்துவிடலாம், எல்லாம் பேசியாயிற்று என்றார்.

"கல்யாணம் பேசிட்டாவ மேடம்" என்றாள். "ஒரு வருசம் வீணாப் போனவள இன்னொரு வருசம் எதுக்கு அனுப்பணும்னு கேக்காவ. நானும் எவ்வளவோ சொன்னேன்."

பிறகு என்னைப் பார்த்து, "சார் இம்புட்டுத் தூரம் வந்திருக்கீய" என்றாள். அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பேசிக்கொண்டே மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் குனிந்து பார்க்காமலே இலையை அளவாக வெட்டித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டின. ஒன்றுபோல இன்னொன்று. நாங்கள் இருந்த நேரம் முழுவதும் அமலோற்பவம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்குநேரி பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்து நின்றோம். அவர், "அந்தப் பிள்ள கையப் பாத்தீயளா சார்?" என்றார். என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. தங்கை மகனின் சான்றிதழைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அப்பவே. காமாலன்னு படுத்திருந்த நாள்ல அவன் மைதானத்துல பந்து போடுதத நானே பாத்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதல்வரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைபட்டிருக்கும். பதினொரு பேரும் தேர்வெழுதியிருப்பார்கள்.

"நெனச்சேன் சார். ரெண்டு நாள் ஒறங்காம நெனச்சேன். சொன்னா நீங்க கூசிப்போயி, அதுக்கப்புறம் எங்க பக்கமே வரமாட்டீய. வருசா வருசம் இந்த மாதிரிப் பிள்ளைய வருவாவ. கையெழுத்துப் போடுத எடத்துல நீங்கல்லா இருக்கீய." பிறகு, "அது தப்போன்னு இப்பத் தோணுது" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் கணக்குப் போட்டது சரியா தவறா என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. பேருந்து நின்ற நாட்களை வருகைக் குறைவாகக் கொள்ளக் கூடாது என்று அடுத்த வருடம் கல்லூரிக் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் ஒளியியல் பரிசோதனைகளை நான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்த நாலு பேரும் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஒருத்திக்கு, பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்க்கும் பொறியியல் படிப்பில் சென்னையில் இடம் கிடைத்தது. மலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற அம்மாவின் மகன் ஒருவன் இன்று ஆராய்ச்சி மாணவன். வேலம்மாளுக்கு அந்தத் தையிலேயே கல்யாணமாகிக் கேரளப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். அதற்குமேல் தெரியாது. அமலோற்பவம் இறந்ததும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

சிறு வயதில் வந்த காய்ச்சலில் அமலோற்பவத்தின் இதய வால்வு கெட்டிருந்தது. கடைசி ஒரு வருடமாக ஆய்வகப் படியேறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவார். மாணவர்கள் நோட்டைக் கொண்டுவந்து அந்தப் படியிலேயே காட்டித் திருத்தி வாங்கிப் போவார்கள். டிசம்பருக்குள் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். செய்முறைத் தேர்வு முடியட்டும் என்றார் இவர். இதை நான் தியாகம் என்று எழுதமாட்டேன். அது தவறு. அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்திருக்க வேண்டியவன் நான். அவர் இல்லாமல் சனிக்கிழமைகளை எப்படி நடத்துவது என்ற யோசனையில் நானும் சும்மா இருந்துவிட்டேன். பிப்ரவரி கடைசியில் மூச்சு முட்டி ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

செய்தி வந்த அன்று பிற்பகல் நாங்கள் உவரிக்குப் போனபோது, அவரிடம் படித்தவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். கோயிலிலிருந்து கல்லறைவரை அவர்கள்தான் தூக்கினார்கள். அடக்கம் முடிந்ததும் அவருடைய அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகளைக் கல்லூரியில் ஒருநாளும் அவர் பார்த்ததில்லை.

"எம்மவ அங்கன பிள்ளையளுக்கு என்னத்த சொல்லிக் குடுத்தா சாரே?" என்று கேட்டார்.

இயற்பியல் என்றேன். அவர் தலையாட்டினார். புரியவில்லை என்று தெரிந்தது. ஒளி, மின்சாரம் என்று தொடங்கினேன். இருபத்தைந்து வருடம் அதைப் பாடம் நடத்திய எனக்கு, அந்தத் தாய்க்குச் சொல்ல ஒரு வாக்கியம் அமையவில்லை. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி சாரே, நல்லதத்தான் சொல்லிக் குடுத்திருப்பா" என்றார்.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு அவர் காத்திருப்பார். தமிழில் படித்துவிட்டு வந்தவன் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், விடையைத் தமிழில் நினைக்க வேண்டும், அதற்கு ஆங்கிலம் தேட வேண்டும், அப்புறம் பயத்தைத் தாண்டி வாயைத் திறக்க வேண்டும். அது முடியும்வரை நிற்பார். "பைய சொல்லு, நேரம் கெடக்கு" என்பார். பக்கத்து வகுப்பிலிருந்து அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். நானெல்லாம் ஐந்து நொடி பார்த்துவிட்டு விடையை நானே சொல்லிவிடுகிறவன்.

இந்த ஜூனில் புதிய மாணவர்கள் வந்தார்கள். முதல் வாரம் ஒருவனை எழுப்பிக் கேள்வி கேட்டேன். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பேசவில்லை. வகுப்பில் ஒருவன் சிரித்தான், பிறகு அவனும் அடங்கினான். மணி அடித்தது. யாரையும் எழவிடாமல் நின்றேன். கடைசியில் அவன் சொன்னான். விடை தவறு. உட்காரச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டுவிட்டு, மறுபடி காத்து நின்றேன்.