இரண்டாம் தரம் கேட்காத ஊர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் படுத்துக் கிடந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கிழமை முழுக்கத் தட்டுக் கழுவுகிறவளுக்குத் திராட்சைத் தோட்டம் பார்க்கிற ஆசை எங்கிருந்து வரும்? ஆனால் என் மனுசன் சாமான் ஏற்றி இறக்கிய பென்ரோஸ் கிட்டங்கியில் வருசத்துக்கு ஒரு பிக்னிக் வைப்பார்கள். குடும்பத்தோடு வரச்சொல்லி முதலாளி சொல்லிவிட்டார், போகாவிட்டால் மரியாதையில்லை என்றார் இவர். மரியாதை என்ற சொல்லை அந்த ஒரு நாளில் நான் வெறுத்த மாதிரி வேறெந்த நாளிலும் வெறுத்ததில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கலியாணம் முடித்து இந்த வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து சில வருசம்தான். எனக்குப் பகல் வேலை, அவருக்கு இரவு வேலை. நான் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வர, அவர் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பார். "கறி அடுப்பில கிடக்கு" என்பார். "கவனமாப் போங்கோ" என்பேன். அவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. இருவரும் ஒரு மேசையில் இருந்து சோறு தின்பது ஞாயிறு மட்டும். ஆகவே கிட்டங்கியில் பகல் வேலைக்கு ஒரு இடம் காலியாகப் போகிறது, முதலாளி பிக்னிக்கில் வைத்து ஆளைக் கேட்பார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பரீட்சைக்குக்கூட நேர்த்தி வைக்காதவள், இதற்குப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன்.

எங்களுக்குக் கார் இல்லை. இவரோடு அதே இரவு வேலை செய்த மலேசியத் தமிழர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். வயதில் இளையவர், என்னை அக்கா என்பார். வீட்டில் கைக்குழந்தை என்று மனைவி வரவில்லை.

ஹென்டர்சன் பக்கத்துப் பள்ளத்தாக்கு அது. டல்மேஷியா என்ற தூர தேசத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் திராட்சைத் தோட்டம். அறுவடைக்குக் கிட்ட, குருவிக்குப் பயந்து கொடிகளுக்கு மேல் வலை போர்த்தியிருந்தார்கள். பின்னால் வைட்டாக்கரே மலை. பீப்பாய்க் கொட்டகையில் வைன் ருசி பார்க்கலாம், பாணும் சீஸும் வெட்டி வைத்திருக்கும், புல்லில் இரும்புத்தட்டு வைத்து சொசேஜ் பொரிப்பார்கள். குதிரை ஏறலாம், மலைப்பாதையால் நடந்து அருவி பார்க்கலாம். வந்த சனம் எல்லாவற்றையும் செய்தது. நாங்கள் இருவரும் ஒரு பாயை விரித்து அதில் இருந்தோம்.

முதலாளி நல்ல மனிதர். கட்டைக் காற்சட்டையோடு தானே கிளாஸை நிரப்பிக்கொண்டு வந்தார். "வைன்?" என்று கேட்டார்.

"நோ, தாங்க் யூ" என்றார் என் மனுசன். குடிக்காதவர் என்று நினைக்க வேண்டாம். நல்லாய்க் குடிப்பார்.

"ரைட்டோ" என்று சொல்லிவிட்டு முதலாளி அந்தக் கிளாஸைப் பக்கத்துப் பாயில் இருந்தவரிடம் கொடுத்தார். இவருடைய கை பாதி எழும்பி, திரும்ப மடியில் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் நீட்டியவுடன் வாங்குகிறவன் சாப்பாட்டைக் காணாத பறக்காவெட்டி. முதல் தரம் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். நீட்டுகிறவரும் அதை வேண்டாம் என்று எடுக்க மாட்டார், "சும்மா எடுங்கோ" என்பார், பிறகும் வற்புறுத்துவார், கடைசியில் வேறு வழியில்லாதவர் மாதிரி நாங்கள் கை நீட்டுவோம். அப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு தேத்தண்ணிகூடத் தொண்டைக்குள் இறங்கும்.

சொசேஜ் வந்தது. "நோ, நோ." ரைட்டோ. பாணும் சீஸும் வந்தது. ரைட்டோ. வெண்பஞ்சு மாதிரி ஒரு கேக், மேலே பழம் வெட்டிப் போட்டது, அதுவும் வந்த வழியே போனது. குதிரை ஏறுகிறாயா என்று கேட்டார்கள், அதற்கும் இல்லை. அந்தக் குதிரைக்கே பாவமாக இருந்திருக்கும்.

"இஞ்சேருங்கோ, எனக்குப் பசிக்குது" என்றேன்.

"கொஞ்சம் பொறும். திரும்பக் கேப்பினம்."

"எங்க கேக்கினம்? அது எல்லாம் முடிஞ்சு இப்ப தட்டுக் கழுவுகினம்."

மலேசியத் தம்பி இரண்டு கையிலும் தட்டோடு வந்தார். காலையிலிருந்து அவர் எதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடுங்கக்கா. அண்ணே, இவங்க ரெண்டாவது வாட்டி கேக்க மாட்டாங்க-லா. வேணான்னா வேணாந்தான்" என்றார்.

"ஓம் ஓம், தெரியும்" என்றார் என் மனுசன். எல்லாம் தெரிந்தவர் மாதிரி ஒரு முகம்.

பின்னேரம் எல்லோரும் அருவிக்கு நடந்தார்கள். எனக்குக் கால் எழும்பவில்லை. இவர் கிழமை முழுக்க விழித்த கண்ணோடு பாயிலேயே தூங்கி விழுந்துகொண்டிருந்தார். அப்போதுதான் முதலாளி வந்து எங்களுக்கு முன்னால் புல்லில் குந்தினார். வரப்போகும் மாதத்திலிருந்து பகலில் ஒரு இடம் இருக்கிறது, நீ நல்ல வேலைக்காரன், உனக்கு விருப்பமா என்று கேட்டார். லேசான இங்கிலீஷ், எனக்கே விளங்கியது.

என் மனுசன் நிமிர்ந்து இருந்தார். சிரித்தார். "நோ, நோ. இட்ஸ் ஓகே. கிவ் சம்படி எல்ஸ்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால், சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது, நானும் இரண்டாவது கேள்விக்குத்தான் காத்திருந்தேன். காலையிலிருந்து பட்டினி கிடந்து படித்த பாடம் அந்த ஒரு நிமிசத்தில் எங்கே போனதோ தெரியாது. முதலாளி முழங்காலில் கை ஊன்றி எழும்பினார். "ரைட்டோ" என்றார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கொடிகளுக்கு நடுவால் நடந்து போனார்.

"போறார்" என்றேன்.

"வருவார்" என்றார் இவர். அந்தக் கொடி வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலைக்குள் அகப்பட்ட குருவி ஒன்று மட்டும் அங்கே படபடத்தது.

திரும்பி வரும்போது மலேசியத் தம்பி ரோட்டைப் பார்த்தபடியே காரை ஓட்டினார். ஹென்டர்சன் கடைகளைத் தாண்டிய பிறகுதான் விசயத்தைச் சொன்னார். "அண்ணே, என்னையப் பகல் வேலைக்குக் கேட்டாரு. சரின்னுட்டேன். மொதல்ல உங்களைத்தான் கேட்டாராம், நீங்க வேணான்னுட்டீங்கன்னாரு. மெய்யாவா?"

"ஓம், நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்" என்றார் என் மனுசன். "உமக்குக் கைக்குழந்தை எல்லோ. நல்லது." குரலில் ஒரு பிசகும் இல்லை. அந்தப் பிள்ளையை நான் எப்படித் திட்டுவேன்? கேட்டார்கள், வேண்டுமென்று சொன்னார். கை நிறைய எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்ததும் அவர்தான்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்து, ரின்னில் அடைத்த மீனை உடைத்துக் குழம்பு வைத்தேன். வெயில் இன்னும் போகவில்லை. அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டு வெறுமையாக, நான் பானையோடு கிட்டப் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதுதான். அவர் தட்டுக்கு மேல் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு "போதும், போதும்" என்பார். நான் அந்தக் கையைத் தள்ளிவிட்டு இரண்டு அகப்பை போடுவேன். அவர் ஏசிக்கொண்டே தின்பார்.

"போதும், போதும்" என்றார்.

"ரைட்டோ" என்றேன். பானையைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்து மூடினேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து சட்டியைத் தேய்க்கத் தொடங்கினேன். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வெறும் தட்டுக்கு மேல் விரித்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை. பிறகு மெல்ல எடுத்தார்.

"இஞ்சேரும்" என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு போடும்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் வாயால் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தரம். நான் போட்டேன். நாளைக்கு இந்த நேரம் அவர் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பார்.