மாடி அறைக்கு வந்தவள்

சிதம்பரத்தில் படிப்பதற்காகத் தான்சானியாவிலிருந்து வந்த ஒரு மாணவி எங்கள் மாடி அறையில் குடியிருந்தாள். நெடுநெடுவென்ற உயரம், தலை முழுக்க மெல்லிய பின்னல்கள். வந்த புதிதில், நானும் கீரைக்காரம்மாவும் வாசலில் பேசும்போது படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒன்றும் புரியாவிட்டாலும் மழைச் சத்தம்போல இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்வாள்.

அடுத்த வருடத்துக்குள் எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகிவிட்டாள். அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

"முடியல அக்கா. படிப்பு வேணாம், ஊருக்கே போறேன்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தட்டை அவள் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

காய்ச்சல் விட்ட காலையில் அவளே மெதுவாக இறங்கி வந்தாள்.

"அக்கா, கனவுல எங்கம்மா வந்தாங்க. தமிழ்ல பேசுனாங்க."

"அவுங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"ஒரு வார்த்தகூட தெரியாது. சாப்ட்டியான்னு கேட்டாங்க. நானும் தமிழ்லயே பதில் சொன்னேன்."

அதன்பிறகு அவள் ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. படிப்பை முடித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் அன்று காலை அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா, எதையோ தொலைத்துவிட்ட தவிப்பா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.