பசறை வரை மூன்றாம் படி

காலை ஏழே கால் மணிக்கு, நமுனுகுலைக்குக் கீழே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டடியிலிருந்து புறப்பட்டோம். மோட்டார் சைக்கிளை நான் ஓட்ட, அம்மா பின்னால். பசறை எட்டு மைல். அங்கிருந்து பதுளை பன்னிரண்டு. எழுபத்து நான்காம் வருடம், பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். மூன்று மாதமாக அம்மாவுக்கு வயிற்று வலி. தோட்டத்து மருந்துக்காரர் பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்திருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு போக அம்மாவால் ஆகாது. தோட்ட லொறியைக் கேட்டேன். தேயிலைப் பெட்டி ஏற்றவே லொறி போதவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள். சைக்கிளை எனக்கு விற்றவர் அதன் ஆங்கிலக் கைநூலையும் தந்திருந்தார். முந்தின நாள் மாலை அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். பின்சக்கரத்து ஸ்பிரிங் இரண்டுக்கும் அடியில் வளையம் இருக்கிறது. வளையத்தில் மூன்று படி. படி ஏற ஏற ஸ்பிரிங் இறுகும். தனி ஆளென்றால் முதல் படி, இருவரென்றால் மூன்றாம் படி. அப்படியே வைத்தேன்.

ரோட்டில் தார் இருந்த இடத்தைவிடக் குழி இருந்த இடம் அதிகம். வலப்பக்கம் பனி விலகி, மொனராகலைக் காடுகள் நீலமாகத் தெரிந்தன.

"அம்மா, அங்க பாரு!"

"ம்" என்றாள். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டரைக்குப் பசறை. சைக்கிள் பழுதுபார்க்கும் காசிம் நானாவின் கராஜ் முன்னால் நிறுத்தினேன். அம்மாவால் காலைத் தூக்கி இறங்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. நானா ஓடி வந்து கைகொடுத்தார். பிறகு சீட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், கல்லு மாதிரி இறுக்கி வெச்சிருக்கீங்க? ரெண்டு மூட்டை சீமெந்தா ஏத்திப் போறீங்க?"

"புத்தகத்தில ரெண்டு பேருக்கு மூணாம் படின்னு போட்டிருக்கு நானா."

"புத்தகம் எழுதினவன் வெள்ளக்காரன். அவன்ட பொஞ்சாதியும் வெள்ளக்காரி. ஒங்கட அம்மாவயா கண்டான்?"

இருபத்தைந்து சதத்துக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அம்மாவை உட்கார வைத்தேன். வலி சற்றுத் தணிந்ததும் நானா எங்கள் இருவரையும் ஏறச் சொன்னார். சக்கரத்து அச்சிலிருந்து மட்கார்ட் வரை நாடாவால் அளந்தார். வெறும் சைக்கிளையும் அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஆள் ஏறினா ஒரு அங்குலமாவது பதியணும் மாஸ்டர். அப்பதான் குழியில சக்கரம் எறங்கி ஏறும். இது அரை அங்குலம்தான் பதியுது."

அம்மா சிரித்தாள். "கொழுந்து நிறுக்கிற மாதிரில்ல நிறுக்குறீங்க? கூடைக் கனத்தக் கழிச்சிட்டீங்களா?"

"கழிச்சாச்சும்மா. கழிச்சப்பொறகு..." நானா குனிந்து வளையத்தைத் திருப்பத் தொடங்கினார்.

முப்பது வருடம் தலையில் கூடை சுமந்தவள். தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவள் இவ்வளவு கரைந்துபோனது தெரியவில்லை. ஒரு ஸ்பிரிங் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாம் படியில் வைத்து மறுபடி அளந்தார். ஒரு அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. "இனி போங்க" என்றார். காசு வாங்கவில்லை.

"வலிக்குதுன்னு ஏம்மா சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீ புஸ்தகம் பாத்து வெச்சதாச்சேப்பா. நான் என்னத்தக் கண்டேன்."

அந்தப் பன்னிரண்டு மைலையும் ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினேன். குழிகளில் சைக்கிள் அமுங்கி எழுந்தது. அம்மாவின் பிடி தளர்ந்து, தலை என் முதுகில் சாய்ந்தது. பதுளையில் விகாரையின் வெள்ளைச் சுவர் தெரிந்தபோது, "ரயில் கோச்சியிலகூட இப்புடி சொகமா வந்ததில்லடா" என்றாள்.

பதினொரு மணிக்கு வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் நானா கை காட்டி நிறுத்தினார்.

"தனியாத்தானே போறீங்க? மொதலாம் படிக்கு எறக்கிரவா?"

"வேணாம் நானா. செவ்வாய்க்கெழம அம்மாவக் கூட்டிட்டு வரணும்."

செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரத் தோட்ட லொறி கொடுத்தார்கள். கேட்டவுடனே கொடுத்தார்கள். நான் சைக்கிளில் பின்னால் வந்தேன்.

அதற்குப் பிறகு பதுளைக்குப் பலமுறை போய்விட்டேன், தனியாகத்தான். ஸ்பிரிங் இன்னும் இரண்டாம் படியில்தான் இருக்கிறது. குழிகளில் கொஞ்சம் தூக்கிப் போடுகிறது. போடட்டும்.