ஃப்ரிட்ஜில் ஒட்டிய நாகரிகம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்காக என்னைக் குறைத்து எடைபோட வேண்டாம். இந்த நகரத்தில் பாதிக் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதித்தது இந்தக் கை. ஒன்றிலாவது தண்ணீர் தேங்குகிறது என்று யாராவது சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். ஆனால் இங்கே எழுத வந்தது என் மனைவியைப் பற்றி. என்னைப் பற்றி எழுத ஒரு புத்தகம் பத்தாது.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்து வந்தாள். மேற்பார்வையாளர் இடம் காலியானபோது கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் கைகாட்டினார்கள். ஆபீசில் மட்டும், "பத்தாவது பாஸா?" என்று கேட்டார்கள். ஐம்பத்து நாலு வயதில் தனியாகப் பரீட்சை எழுதினாள். கணக்கு, அறிவியல் எல்லாம் தாண்டினாள். வரலாறு இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாவது முறையும் கவிழ்ந்தால் வெளியாளைப் போட்டுவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

உபரி, வேலைப் பிரிவினை, நகர அரசு, நாடோடி, தொல்பொருள் என்று பழைய நாகரிகங்களின் பாடம் முழுக்கச் சொற்கள். காலையில் படித்தது சாயங்காலம் போர்வைகளோடு சேர்ந்து வெளுத்துவிடும்.

"மண்டையில நிக்கவே மாட்டேங்குதுங்க."

"மண்டையில ஏன் நிக்க வைக்கிற? வீட்டுல நிக்க வை," என்றேன். இப்படி ஒரு யோசனை படித்தவனுக்கு வருமா?

காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு சொல்லையும் எழுதி, பொருத்தமான இடத்தில் ஒட்டினோம். ஃப்ரிட்ஜ் கதவில் 'உபரி'. தின்றது போக மிச்சம் இருந்ததால்தான் ஒருவன் வயலை விட்டுப் பானை செய்யப் போனான், இன்னொருவன் நெய்யப் போனான் என்று கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒப்பிப்பாள். குளியலறையில் 'வடிகால்' என்று நானே ஒட்டினேன். நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே செங்கல்லில் வடிகால் கட்டி, சரிவும் வைத்திருந்தார்களாம்.

"பாத்தியா, அப்பவே நம்ம ஆள் ஒருத்தன் இருந்திருக்கான்."

"இருந்திருப்பான். அவனும் வாய் ஓயாம பேசிக்கிட்டேதான் கட்டியிருப்பான்."

லாரி ஓட்டும் அவள் தம்பி பதினைந்து நாளைக்கு ஒருமுறை சாப்பிட வருவான். அவன் சட்டைப் பையில் ஒன்றை ஒட்டினாள்.

"என்னக்கா, திருடனுக்கு நம்பர் போட்ட மாதிரி?"

"நாடோடிடா. புல் தீந்தா அடுத்த இடம் போறவன்."

"இங்க இன்னும் தீரலையே. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்."

ஒருநாள் டைல்ஸ் கடையில் எல்லோரும் என் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் 'தொல்பொருள்'. வீட்டுக்கு வந்து அவளிடம் எகிறினேன்.

"என்னடி இது?"

"பழைய காலத்து மனுஷங்க செஞ்சு வச்சது."

"என்னை யார் செஞ்சு வச்சது?"

"உங்கம்மா. தோண்டாமலே கிடைச்சிருக்கு, விடுவேனா?"

பரீட்சை முடிந்து அவள் திரும்பியபோது முகம் செத்துப்போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"எல்லாம் போச்சுங்க. உதாரணத்தோட விளக்கச் சொல்லியிருந்தாங்க. புத்தகத்துல இருந்த ஆறு, ஊரு ஒண்ணுமே ஞாபகம் வரல. நம்ம வீடுதான் வந்துச்சு. உபரிக்கு ஃப்ரிட்ஜை எழுதிட்டேன். நாடோடிக்குத் தம்பியை."

"வேலைப் பிரிவினைக்கு?"

"சலவைக்கூடம். ஒருத்தி துவைக்க, ஒருத்தி தேய்க்க, ஒருத்தி மடிக்க. எழுத்து எப்படித் தோணுச்சுன்னு கேட்டதுக்கு என் நூலை எழுதிட்டு வந்திருக்கேன்."

நூல் என்றால் இதுதான். எந்த வார்டுத் துணி எது என்று தெரியாமல் மூட்டைகள் கலந்துபோன காலத்தில், இவள் ஓரத்தில் சிவப்பு நூலால் தையல் போட்டு வைத்தாள். குழந்தைகள் வார்டுக்கு ஒரு புள்ளி, ஆபரேஷன் அறைக்குப் பெருக்கல் குறி. மூன்று நாள் லீவு எடுத்தாள்; யாருக்கும் குறி புரியவில்லை, மூட்டைகள் மறுபடி கலந்தன. திரும்பி வந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, இந்தக் குறிக்கு இது அர்த்தம் என்று பேசி முடிவு செய்து, சுவரில் எழுதி வைத்தாள்.

அவள் கவிழ்ந்தால் குற்றம் என்மேல்தான். யோசனை என்னுடையதாயிற்றே! முடிவு வரும்வரை நான் பெருமை பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று டைல்ஸ் கடைக்காரர் இரண்டு முறை விசாரித்தார்.

முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அவள் முப்பத்தெட்டு.

நான் விடுவேனா? விடைத்தாள் நகலைக் கேட்டு வாங்கி வந்தேன். அரசர்களை முன்னும் பின்னுமாக நிறுத்தியிருந்ததற்கு முட்டை. உபரிக்கு முழு மார்க். சிவப்பு நூலுக்கும் முழு மார்க். 'குறி ஒருவருக்கு மட்டும் புரிந்தால் எழுத்து ஆகாது, எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எழுத்து' என்று அவள் முடித்திருந்த வரியைத் திருத்தியவர் அடிக்கோடிட்டிருந்தார். நாடோடிக்கு மட்டும் இரண்டில் ஒன்று.

"பாதி மார்க்கா? நான் முழு நாடோடி மாமா!" என்று அவள் தம்பி குதித்தான்.

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே, சலவைக்கூடத்துத் தரையில் இத்தனை வருஷமாகத் தேங்கி நின்ற தண்ணீரைக் காட்டி ஆபீசில் சண்டை பிடித்தாள். பிறகு எனக்கு ஆள் அனுப்பினாள். வந்தவர் வாசலில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தொல்பொருளைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க," என்றார்.

போனேன். சரிவு வைத்தேன். இப்போது அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்பதில்லை.