பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

உதட்டில் மூன்று குண்டூசி, தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசி, மடியில் யாரோ ஒருவருடைய கால்சட்டை. "ம்ம்... சொல்லுங்க. பேரெல்லாம் வேணாம், என்ன கஷ்டம்னு மட்டும் சொல்லுங்க." ஊசியை விழுங்காமல் இவ்வளவையும் பேசத் தனி வரம் வேண்டும். சலவைக்கடையின் பின்னறையில் பதினேழு வருடமாகத் துணி ஆல்ட்டர் செய்யும் சங்கிலி அக்காவுக்கு அந்த வரம் வாய்த்திருக்கிறது.

அக்காவின் கழுத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. இது ஜெபச் சங்கிலி. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நாலு சிறிய சபைகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யாருக்கு வேலை போனாலும், முதல் தகவல் அக்காவுக்கு வரும். அக்கா சபைக்கு ஒருவராக அழைத்துச் சொல்வார். அவர்கள் தலைக்கு இரண்டு பேரை அழைப்பார்கள், அந்த இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பேரை, இப்படியே போகும். பொழுது சாய்வதற்குள் நூறு பேராவது ஒரே காரியத்துக்காகக் கண்மூடியிருப்பார்கள். ஒருமுறை காணாமல்போன நாய்க்காகக்கூட ஜெபித்தார்கள். நாய் வந்துவிட்டது. "அது தானா வந்துச்சு" என்று சொன்ன ஓய்வுபெற்ற தபால்காரருக்கு, அவர் நாலில் ஒன்றான, தகர ஷெட்டில் கூடும் சபையின் தொடர்பாளர் என்றும் பார்க்காமல், அக்கா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

சங்கிலிக்குச் சட்டங்கள் உண்டு, போட்டது அக்காதான். பேர் சொல்லக் கூடாது. யார் என்று கேட்கக் கூடாது. வந்ததை வந்தபடியே சொல்ல வேண்டும், கூட்டிச் சொல்லக் கூடாது. முதல் இரண்டையும் உயிரே போனாலும் மீறமாட்டார். மூன்றாவதில் மட்டும் நாக்கு கொஞ்சம் வழுக்கும். கால் சுளுக்கு என்று வந்தது அக்காவைத் தாண்டும்போது, மனிதர் இனி எழுந்து நடப்பாரோ மாட்டாரோ என்று ஆகியிருக்கும். கேட்டால், "அப்பதாங்க முட்டி போடுவாங்க" என்பார்.

வாயோடு நிற்கிறவர் இல்லை. துக்க வீட்டுக்குப் போனால் ஆறுதல் என்ற பெயரில் எதையும் சொல்லி அறுக்கமாட்டார்; ஒரு மூலையில் உட்கார்ந்து, அந்த வீட்டில் பட்டன் போன சட்டைகளுக்கெல்லாம் பட்டன் தைத்துக்கொண்டிருப்பார். எந்தச் சபை என்று பார்க்கமாட்டார். "நாலும் ஒரே சரீரம்தானே, இதுல உன் சபை என் சபைன்னு என்ன?" என்பார்.

ஆனால் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அக்காவின் ஒரே மகள், அம்மாவின் சபையை விட்டு, ஆணியும் பெயிண்ட்டும் விற்கும் கடைக்கு மேலே இருக்கும் மாடிச் சபைக்குப் போய்விட்டாள். அங்கே ஆராதனை நேரம் அவள் ஷிப்டுக்குத் தோதாக இருந்தது. விஷயம் அவ்வளவுதான். அக்காவுக்கோ முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. சண்டை ஒன்றும் போடவில்லை. மகளுடைய அழைப்பு வரும்போதெல்லாம் கையில் அவசர வேலை இருக்கும். மாதா மாதம் நடக்கும் கூட்டு ஜெபம் மாடிச் சபையின் முறையாக வரும்போது தலைவலி வந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை தபால்காரர் அழைத்தார். "ஒரு ஜெபக்குறிப்பும்மா. ஒரு தாய். பெத்த மகளோட எட்டு மாசமா பேச்சே இல்லையாம். மனசு இளகணும்."

அக்கா உருகிப்போனார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு மற்ற மூன்று சபைக்கும் அழைத்தார். "கல்லு மாதிரி ஒரு பொம்பளையாம். பெத்த பொண்ணுகிட்டயே இந்த வீம்பு! இவங்களுக்கெல்லாம் எப்படிங்க தூக்கம் வருது? நல்லா அழுத்தி ஜெபிங்க."

வியாழக்கிழமை ஒரு கர்ப்பிணிப் பெண், உடையின் இடுப்பைப் பெரிதாக்கக் கொண்டுவந்தாள். "எத்தனை மாசம்மா?" என்றார் அக்கா. "எட்டு." எப்போது ஆரம்பித்திருக்கும் என்று அக்கா தையலைப் பிரித்தபடியே விரல்விட்டு எண்ணினார். குழந்தைக்காகத் தொடங்கிய எண்ணிக்கை, மகள் மாடிச் சபைக்குப் போன மாதத்தில் வந்து நின்றது. பிரிக்க வேண்டிய தையலோடு பிரிக்கக் கூடாததையும் சேர்த்துப் பிரித்துவிட்டார்.

'நானா அது? நான் எங்கே பேசாம இருக்கேன்? அவ அனுப்புற மெசேஜையெல்லாம் படிக்கிறேனே. படிச்சா பேசினதுல சேராதா?' அன்று முழுக்க இதே. சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் தபால்காரரை அழைத்தார்.

"ஐயா, அந்த அம்மா விஷயம், எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா சட்டம் போட்டீங்க."

"யாருன்னா கேட்டேன்? சும்மா பொதுவா கேக்குறேன். அந்த அம்மா உயரமா, குட்டையா?"

"ஜெபத்துக்கு உயரம் எதுக்கும்மா?"

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். மறுநாள் அழுக்குத் துணி போட வந்த பேருந்து ஓட்டுநரின் மனைவி, "அக்கா, அந்தக் கல்நெஞ்சுக்காரிக்காக நான் உபவாசமே இருக்கேன்" என்றாள். முகம் வாடியிருந்தது. "நல்லா இரும்மா" என்று மட்டும் சொல்லி ரசீதைக் கொடுத்தார் அக்கா. நூறு பேர் தனக்காக முட்டி போடுகிறார்கள் என்று நினைத்தால் அவமானமாக இருந்தது. மகள் இப்படி ஊரைக் கூட்டிவிட்டாளே என்று கோபம் வந்தது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஒருவேளை அது வேறு யாரோவாக இருந்தால்? அப்படி நினைக்கும்போது ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை கூட்டு ஜெபம் மாடிச் சபையில். தலைவலி வருமா என்று மாலைவரை காத்துப் பார்த்தார். வரவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

யாருக்காக ஜெபமோ அவரை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் கைவைப்பது அந்தச் சபைகளின் வழக்கம். ஆள் இல்லாவிட்டால் வெறும் நாற்காலியே போதும். "அந்தத் தாய்க்காக" என்றார் போதகர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுற்றி முப்பது கைகள் நீண்டன. எதிரே, வேலை முடிந்து சீருடையோடு அப்படியே வந்திருந்த மகள், நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டபடி கண்மூடி நின்றாள். எட்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அக்காவுக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. உட்கார்ந்தால் இன்னொருத்திக்கு வந்த ஜெபத்தைத் திருடியதாகுமோ? நின்றால் தனக்கு வந்ததை வேண்டாம் என்றதாகுமோ? யோசித்துக்கொண்டே இரண்டு அடி முன்னால் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாற்காலி கிறீச்சிட்டது. கைகளெல்லாம் சட்டென்று விலகின. ஜெபம் பாதியில் நின்றது.

"அம்மா?" மகள் குனிந்தாள். "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையேம்மா. நெஜமா."

"நீ சொல்லலையா? அப்ப இது யாரு?"

"தெரியலையேம்மா."

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். ஜெபத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தெரியாமல் போதகர் தொண்டையைச் செருமினார். அக்கா எழுந்திருக்கவில்லை. அந்தரத்தில் தயங்கி நின்ற அத்தனை கைகளுக்கிடையே மகளுடைய கையைப் பிடித்து, இழுத்து, தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.