தொட்ட சிப்பாயும் தேசியச் சம்மேளனமும்

சதுரங்கத்தில் மாஸ்டர் பட்டம் பெற்ற ஆட்டக்காரர் ஒருவரை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தோற்கடித்திருக்கிறேன். பினாங்கில், ஜார்ஜ்டவுனில் நடந்த போட்டி. அவர் கைகொடுத்துவிட்டுப் போன பிறகும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தேன். பிறகு ரேட்டிங் பட்டியலில் அது ஏறுவதற்காகக் காத்திருந்தேன். ஏறவில்லை. முடிவுகளை உலக அமைப்புக்கு அனுப்ப வேண்டியது எங்கள் தேசியச் சதுரங்கச் சம்மேளனம். கேட்டால் பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உலகத்தைப் பொறுத்தவரை நான் ஜெயிக்கவே இல்லை.

வந்த கோபத்தில், எங்கள் மன்றமே சம்மேளனத்தை விட்டு விலக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். மன்றம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சுங்கை பினாங்கில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையின் மாடி. கீழே மீன்தலைக் கறி கொதிக்கத் தொடங்கினால் மேலே யாருக்கும் யோசனை ஓடாது.

சந்தா வாங்கத் தெரிகிறது, முடிவு அனுப்பத் தெரியவில்லை, இப்படி ஒரு சம்மேளனம் இருந்தென்ன போயென்ன என்று முழங்கினேன். எங்கள் செயலாளர் ஓர் அக்கா. பாயான் லெப்பாஸ் கணினிச் சிப் தொழிற்சாலையில் தரச்சோதனை பார்ப்பவர். விலகிவிட்டால் இனி நம் ஆட்டம் எதையும் அனுப்ப ஆளே இருக்காது என்றார். இப்போது மட்டும் யார் அனுப்புகிறார்கள் என்றேன். கடைக்கார பாய் இரண்டு பேச்சுக்கும் தலையாட்டினார்.

எங்கள் மன்றத்தில் கையுயர்த்தி வாக்களிக்கும் வழக்கம் இல்லை. காலிப் பலகையில் ஆளுக்கொரு சிப்பாய் வைக்க வேண்டும். வெள்ளை வைத்தால் இருப்போம், கறுப்பு வைத்தால் விலகுவோம். எல்லாரும் வைத்து முடித்தபோது இரு நிறமும் சமமாக நின்றன. பாக்கி நான் ஒருவன். அந்த வாய்ப்பைச் சும்மா விட மனம் வருமா? இன்னொரு சொற்பொழிவைத் தொடங்கினேன். பேசும்போது கை தானாக எதையாவது எடுத்து உருட்டும்.

அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வெள்ளையத் தொட்டுட்ட."

சும்மா எடுத்தேன் என்றேன். பெட்டியில் சரியாக அடுக்கத்தான் எடுத்தேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"சரி பண்றதா இருந்தா சொல்லிட்டுல்ல தொடணும்? தொட்ட காய ஆடித்தான் ஆகணும்லா."

விலகத்தான் வேண்டும் என்று கறுப்பு வைத்தவர்கள்கூட அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கொள்கையை விட்டாலும் விடுவார்கள், தொட்ட காயை விட மாட்டார்கள். முகம் சிவக்க, வெள்ளைச் சிப்பாயை நானே பலகையில் வைத்தேன். சம்மேளனம் என் வாக்கில் பிழைத்தது.

சில மாதம் கழித்து ரேட்டிங் பட்டியலில் அந்த ஜார்ஜ்டவுன் ஆட்டத்தின் முடிவு வெளியானது. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பெயர் இருந்தது, நான் தோற்கடித்தவர் பெயரும் இருந்தது. ஜெயித்தவர் அவர் என்று போட்டிருந்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவைத் தொலைபேசியில் பிடித்து, இப்போதாவது விலகலாமா என்று கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது.

"வெளிய போயிட்டா யார்கிட்ட போய்ச் சண்ட போடுவ, தம்பி? உள்ள இருந்தாத்தான் கேக்க முடியும்லா."

அடுத்த ஆண்டுச் சந்தாவை முதல் ஆளாகக் கட்டினேன். அந்த ஆட்டத்தில் ஜெயித்தது நான். அதை அவர்கள் கையாலேயே எழுதும்வரை என்னை அங்கிருந்து யாரும் கிளப்ப முடியாது.