அப்பாவின் கண்ணும் நெஞ்சும்

சமையலறைக் காலண்டரில் அக்கா வரைந்திருந்த சின்னக் கண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்பாவின் கண்ணுக்கு விடும் சொட்டுமருந்தில் புதுப் போத்தல் திறக்கிற நாளிலெல்லாம் அவள் ஒரு கண் வரைவாள். நாலு கிழமை கழித்து அதை எறிந்துவிட வேண்டும், அதற்காக. நான் தேடியது வேறொன்றை, நுரையீரல் டொக்டரிடம் அடுத்துப் போக வேண்டிய டெர்மின் நாளை. ஏனோ தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் கண் நவம்பரில் இருந்தது. அதற்கு முன்பு ஒரு கண்ணும் இல்லை. ஓடிப்போய் என் வரைபுத்தாளை எடுத்து வந்தேன்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஜெர்மனியில், டோர்ட்மண்டில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு ஆஸ்துமா, வீட்டில் நாங்கள் தொய்வு என்போம். கடுமையானதல்ல. நுரையீரல் டொக்டர் ஓர் ஊதுகுழாய் கொடுத்து, காலையும் மாலையும் ஊதி, முள் நிற்கிற இலக்கத்தை எழுதி வரச் சொல்லியிருந்தார். எழுதினாலே போதும். உயிரியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிற திமிரில் நான் அதைச் சிவப்பு மையில் வரைபாக்கினேன். ஒரு வருடக் கோடு, மேசை விளிம்பு போல நேராக ஓடி, குளிர்காலத்தில் சரிந்தது. அப்பா மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சட்டைப்பையில் வீட்டுக் கதவுத் திறப்பைத் தேடுகிற மாதிரி நடிப்பார். திறப்பு கையில்தான் இருக்கும்.

அவர் பாண் தொழிற்சாலையில் மா குழைக்கும் பகுதியில் வேலை செய்தார். மாவின் தூசுதான் காரணம் என்று டொக்டர் நினைத்தார். இரண்டு கிழமைக்குக் கிராங்ஷைன், சுகவீன விடுப்புச் சீட்டு, எழுதி வீட்டில் இருத்தினார். அதற்கும் சரிவராவிட்டால், இனி மாவுக்குக் கிட்டப் போகக் கூடாது என்று தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதுவேன் என்றார். ஐம்பது வயதில், அப்பாவின் அரைகுறை ஜெர்மனோடு, வேறு வேலை எங்கே கிடைக்கும்? அதைவிட, அவருக்கு அந்த வேலையில் ஆசை. கடையில் வாங்கிய பாணைக்கூட மேசையில் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டிப் பார்த்து, "இன்னும் அஞ்சு நிமிசம் விட்டிருக்கலாம்" என்று சொல்லித்தான் வெட்டுவார்.

காலண்டரையும் வரைபையும் பக்கத்தில் வைத்தேன். முதல் கண்ணுக்குப் பிறகு வந்த கிழமையில்தான் கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. மாவில்லாமல் வீட்டில் இருந்த நாட்களிலும் அது ஏறவில்லை.

அக்கா வேலை முடிந்து வந்ததும், சப்பாத்தைக் கழற்றவும் விடாமல் காட்டினேன். அவள் காப்புறுதி அலுவலகமொன்றில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். என்னை எப்போதும் அரைப் பைத்தியம் என்றே நினைப்பாள்.

"கண்ணுக்கு விடுற ரெண்டு சொட்டு நெஞ்சுக்கு என்னடி செய்யும்? உனக்கு விசரே?"

மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை விரித்து வாசித்தோம். கண்ணில் விட்ட மருந்து மூக்குக்குள் வடிந்து இரத்தத்தில் கலக்குமாம்; கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கிற அதே மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடுமாம். யார் பாவிக்கக் கூடாது என்ற பட்டியலில் ஆஸ்துமா முதலாவதாக இருந்தது. அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"கண் டொக்டரிட்டை ஃபோர்மிலை தொய்வு இருக்கோ எண்டு கேட்டவங்கள். நான்தான் இல்லையெண்டு போட்டனான்."

அவளாகப் போடவில்லை. அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். கண் டொக்டருக்கு ஏன் நெஞ்சுக் கதை, நோய்க் குடும்பம் என்று நினைக்கப்போகிறார் என்றாராம். என் பங்கும் குறைந்ததல்ல. புது மருந்து ஏதும் பாவிக்கிறாரா என்று நுரையீரல் டொக்டர் கேட்டபோது, அப்பாவின் பக்கம் திரும்பியும் பாராமல் இல்லையென்று சொன்னவள் நான். அப்பா எங்களைப் பங்கு பிரித்து வைத்திருந்தார். கண் டொக்டரிடம் மொழிபெயர்க்க அக்கா, நெஞ்சுக்கு நான். ஒருத்தியின் பங்கில் மற்றவள் தலையிடுவதில்லை.

நுரையீரல் டொக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். நீங்களாக ஒன்றையும் நிறுத்த வேண்டாம், கண்ணும் முக்கியம், நாளைக் காலையிலேயே போத்தலோடு வாருங்கள் என்றார். மறுத்தவர் அப்பாதான்.

"அந்த மனுசன் என்ரை கண்ணைக் காப்பாத்தினவர். அவரின்ரை மருந்து பிழையெண்டு இன்னொரு டொக்டரிட்டைக் கோள் மூட்டுறதே? ஏலாது."

இவ்வளவையும் மூன்று இடத்தில் மூச்சு வாங்கித்தான் சொல்லி முடித்தார். நான் வரைபை நீட்டி விளக்கினேன். தாளை அவர் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்தார். அவள் கையில் பெட்டியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"கண் அவளுக்கு, நெஞ்சு உனக்கெண்டு பிரிச்சது நான். பிழையெண்டால் அது என்ரை," என்றார். பிறகு, "காலமை ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ."

அடுத்த நாள் அந்தச் சின்ன அறையில் நாங்கள் மூவரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். டொக்டர் வரைபையும் போத்தலையும் பார்த்துவிட்டு, எங்கள் முன்னாலேயே கண் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தார். அன்றே மருந்து மாறியது. கண் டொக்டர் கோபிக்கவில்லை என்று மட்டும் அப்பா இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இரண்டு கிழமையில் கோடு எழும்பியது. மாடிப்படியில் திறப்புத் தேடுவதும் நின்றது.

ஆனால் மாவை இன்னும் குற்றமற்றதென்று விடுதலை செய்ய மாட்டேன் என்றார் டொக்டர். மூன்று கிழமை வேலைக்குப் போய்ப் பார்க்கட்டும், அதுவரை கடிதம் எழுத மாட்டேன். வேலை தொடங்க முன்னும், இடைவேளையிலும், முடிந்த பிறகும் ஊத வேண்டும். மற்றவர்களுக்கு முன்னால் ஊத அப்பாவுக்கு வெட்கம். உடை மாற்றும் அறையில், கதவைச் சாத்திவிட்டு என்றால் சம்மதம் என்றார்.

ஞாயிறு பின்னேரம் புதுத் தாளில் கோடு போட்டேன். இந்த முறை அக்காவும் பக்கத்தில் இருந்தாள். வேலை நாட்களுக்கு நீலம், விடுமுறை நாட்களுக்குப் பச்சை. நீலப் புள்ளிகள் மட்டும் இறங்கினால், பாண் அடுக்கும் பகுதிக்கு மாற்றித் தரச் சொல்லி அவள் ஆன்ட்ராக், விண்ணப்பம், எழுதுவாள். இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால், அப்பா மாவோடேயே இருக்கலாம். முதல் ஊதல் திங்கள் காலை ஆறு மணிக்கு.